ஓட்டுங்கள், இல்லையேல் செத்துப்போங்கள்

இந்தியாவில் சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு இரண்டே நிலைகள்தான் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, திடகாத்திரமாக உட்கார்ந்து வண்டி ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் செத்துப்போக வேண்டும். இரண்டுக்கும் படிவம் உண்டு, சட்டப்பிரிவு உண்டு, கட்டணம் உண்டு. இடையில் பக்கவாதம் வந்து படுத்துக்கொள்வது, நடுக்குவாதத்தில் கை உதறுவது, வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போவது, நினைவு தப்பிப் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பது, இதெல்லாம் காப்பீட்டு நிறுவனங்களின் கணினியில் ஏற்றப்படாத நிலைகள். இந்த மாதிரி ஒழுங்கீனங்களில் இறங்குகிறவர்கள் சொந்தப் பொறுப்பில் இறங்க வேண்டியதுதான்.

முதலில் செத்தவரின் சௌகரியங்களைப் பார்த்துவிடுவோம். வண்டியின் உரிமையாளர் இறந்துவிட்டால், 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு, 3 மாதம் வரை வாரிசு அந்த வண்டியைத் தன் வண்டிபோலவே வைத்துக்கொள்ளலாம். பிறகு 31-ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றிக்கொள்ளலாம். 2021-இல் விதியைத் திருத்தி, ஆர்.சி.யிலேயே நாமினி பெயரைப் போட்டுக்கொள்ளவும் வழிசெய்துவிட்டார்கள். இத்தனை ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கிடைக்கும் கழிவு, வாரிசின் பெயருக்குப் போகும். ஒரு நாகரிக சமுதாயம் இறந்தவரை எப்படி மதிக்க வேண்டுமோ அப்படி மதிக்கிறது இந்த ஏற்பாடு. இதில் எனக்குக் குறையொன்றுமில்லை.

உயிரோடு படுத்திருப்பவருக்கு இந்தச் சலுகைகளில் ஒன்றுகூடக் கிடையாது. அதுதான் விஷயம்.

என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. சொல்வது புரிகிறது, பதில்தான் வருவதில்லை. கார் அவர் பெயரில் இருக்கிறது. இனி அவர் ஓட்டப்போவதில்லை. ஆனால் வீட்டில் அந்தக் கார் வேறு யாரையும்விட அவருக்குத்தான் தேவை. பிசியோதெரபிக்கும் நரம்பியல் டாக்டரிடமும் அவரைப் பின்சீட்டில் சாய்த்துவைத்து மகள் ஓட்டிக்கொண்டு போகிறாள். இதற்கிடையில் இன்ஷூரன்ஸ் முடிகிற தேதி வந்தது. புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு விஷயத்தில் நம் சட்டத்தைப் பாராட்டிவிட வேண்டும். இங்கே காரை இன்னார்தான் ஓட்டலாம் என்று பாலிசியில் பெயர் எழுதத் தேவையில்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி நிற்கும். மகள் ஓட்டலாம், மருமகன் ஓட்டலாம், சம்பளத்துக்கு வைத்த டிரைவர் ஓட்டலாம். ஆகவே வேலை சுலபம், பணத்தைக் கட்டினால் முடிந்தது என்று நினைத்துத்தான் போன் செய்தேன்.

தேர்டு பார்ட்டி பிரீமியம், 1000 சிசிக்கு மேல் 1500 சிசிக்குள் என்பதால், 3,416 ரூபாய். இது அரசு நிர்ணயித்த தொகை. 2022 ஜூனில் வந்த அட்டவணை. இதைப் பற்றி எனக்கு முணுமுணுப்பே இல்லை. தெருவில் போகிறவரை நம் வண்டி இடித்துவிட்டால் அவர் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக்கூடாது; அதற்கான பணம் அது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில்தான் 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம், புதுக் காருக்கு 3 ஆண்டும் புது இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டும் இந்தக் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அடிபட்டு வந்தவர்களைத் தன் கையால் ஒட்டவைத்த மனிதர் கேட்ட நியாயம் அது. கட்ட வேண்டியதுதான்.

அடுத்த வரியில்தான் கதை ஆரம்பிக்கிறது. 'உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம், கட்டாயம்.'

"அவர் ஓட்டமாட்டாரும்மா. பக்கவாதம். படுக்கையில் இருக்கிறார்."

"ஐயோ, அப்படிங்களா சார். டேக் கேர் சார். இது கம்பல்சரி சார், சிஸ்டம் எடுத்துக்கும்."

"வண்டியே ஓட்டாதவருக்கு எதுக்கும்மா ஓட்டுநர் காப்பீடு?"

"கவர்ன்மென்ட் ரூல் சார்."

"அவருக்கு லைசென்ஸே முடிஞ்சுபோச்சும்மா. புதுப்பிக்கவும் முடியாது."

"அது பரவாயில்ல சார். நாங்க லைசென்ஸ் கேக்கறதில்ல."

அந்தப் பெண்ணின் குரலில் உண்மையான ஆறுதல் இருந்தது. லைசென்ஸ் இல்லாததற்காக நான் கவலைப்படுகிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிரே இருக்கும் திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். திரையில் அதை எழுதியவன் எவனோ, அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த 15 லட்சம் எப்படி வந்தது என்று பார்ப்போம். முன்பு காருக்கு 2 லட்சம், இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம் என்று இருந்தது. அது போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் சுட்டிக்காட்டியது. அதன்பேரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 செப்டம்பரில் 15 லட்சமாக உயர்த்தி, ஆண்டுக்கு 750 ரூபாய் என்று வைத்தது. நல்ல காரியம். ஆனால் இந்தக் காப்பீடு பணம் தருவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. ஆர்.சி. அவர் பெயரில் இருக்க வேண்டும். பாலிசி அவர் பெயரில் இருக்க வேண்டும். விபத்து நடக்கும்போது அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் காகிதம். பணம் வாங்குகிற நாளில் "லைசென்ஸ் கேக்கறதில்ல சார்." பணம் கேட்கிற நாளில் முதல் கேள்வியே, "லைசென்ஸ் எங்கே சார்?"

லைசென்ஸ் இல்லாத உரிமையாளருக்கு இந்தக் காப்பீட்டைக் கொடுக்கவே கூடாது என்பதுதான் விதி. வண்டிக் காப்பீட்டு விதிகளின் தொகுப்பான மோட்டார் டாரிஃப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. பல இணையதளங்களில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சின்னக் கட்டம்கூட உண்டு: 'எனக்குச் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இல்லை.' அதைத் தட்டினால் அந்தத் தொகை விலகிவிடும். அதாவது உண்மை அந்த நிறுவனத்துக்குத் தெரியும். தெரிந்தே கட்டத்தை மூலையில் வைத்து, கட்டாயம் என்ற வார்த்தையை நடுவில் வைத்திருக்கிறார்கள். ஏமாந்தவன் தட்டமாட்டான். ஏமாந்தவனின் அப்பா படுக்கையில் இருப்பார். அவனுக்கு அன்றைக்குக் கட்டம் தேட நேரமிருக்காது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

இதில் சட்டத்தின் நகைச்சுவையையும் கவனிக்க வேண்டும். உடலோ மனமோ தகுதியற்ற நிலையில் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆவது பிரிவுப்படி அபராதம். முதல்முறை 1,000 ரூபாய். பெரியப்பா காரை ஓட்டினால் குற்றவாளி. ஓட்டாமலிருந்தால், ஓட்டும்போது நேரக்கூடிய விபத்துக்குப் பணம் கட்டும் வாடிக்கையாளர்.

போகட்டும், ஓட்டாவிட்டாலும் பின்சீட்டில் படுத்துக்கொண்டு போகிறாரே, அதற்காவது இந்த 15 லட்சம் பயன்படுமா? படாது. வண்டியை ஓட்டும்போதும், ஏறி இறங்கும்போதும், ஓட்டுநருக்குத் துணை ஓட்டுநராகப் பக்கத்தில் போகும்போதும்தான் அது பேசும். பின்சீட்டு நோயாளி அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார். தேர்டு பார்ட்டி? அது மூன்றாம் மனிதருக்கு. வண்டியின் சொந்தக்காரர் மூன்றாம் மனிதர் ஆகமாட்டார். பயணிகளுக்கென்று கூடுதல் பணம் கட்டி எடுக்கும் பொது விபத்துக் காப்பீடு? அதன் வாசகத்திலேயே 'காப்பீடு எடுத்தவர் நீங்கலாக' என்று இருக்கிறது. ஆக அந்தக் காரில் போகும் எல்லோருக்கும் பாதுகாப்பு வாங்கலாம்: ஓட்டும் மகளுக்கு, கூடப்போகும் மனைவிக்கு, கால் பிடித்துவிடும் உதவியாளருக்கு. 50 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் சம்பள டிரைவருக்கும் உண்டு. அந்த வண்டியை வாங்கி, இத்தனை வருஷம் பிரீமியம் கட்டி, இப்போது அதில் தூக்கிவைக்கப்படும் மனிதருக்கு மட்டும் இல்லை. உரிமையாளர் பெயரைத் தனியே குறிப்பிட்டு எடுக்கிற ஒரு பிரிவு டாரிஃப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பற்றி எந்த ஏஜென்ட்டாவது தானாக வாய்திறந்தார் என்றால் அவருக்குச் சிலை வைக்கலாம்.

இந்த ஓட்டையை நீதிமன்றம் பார்க்காமலில்லை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புதிதாக விற்கும் வண்டிகளுக்கு ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து 5 ஆண்டுக்கு 'பம்பர் டு பம்பர்' காப்பீடு கட்டாயம் என்று உத்தரவு போட்டது. உடனே காப்பீட்டு நிறுவனங்கள் கையைப் பிசைந்தன. நடைமுறைக்கு ஒத்துவராது என்றன. அடுத்த மாதமே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஓட்டாதவரிடம் ஓட்டுநர் காப்பீடு வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது; உட்கார்ந்து போகிறவரைக் காப்பது ஒத்துவருவதில்லை.

சரி, கட்டத்தைத் தேடித் தட்டியாயிற்று. அடுத்து கே.ஒய்.சி. என்கிற அடையாளச் சரிபார்ப்பு. 2023 ஜனவரி முதல் எல்லாக் காப்பீட்டுக்கும் அது கட்டாயம். பெரியப்பாவின் ஆதாரில் ஏதோ பொருந்தவில்லை என்று வீடியோவில் முகம் காட்டச் சொன்னார்கள். பெரியம்மா போனைப் பிடித்துக்கொண்டார். திரையில் எழுத்து வந்தது: 'புன்னகைக்கவும்.'

பெரியப்பா முயன்றார். வாயின் இடப்பக்கம் மட்டும் மேலே போனது. வலப்பக்கம் அப்படியே தொங்கியது. கடைவாயில் எச்சில் வழிந்தது. பெரியம்மா துடைப்பதற்குள் முகம் திரையின் வட்டத்தைவிட்டு நகர்ந்துவிட்டது. 'முகம் கண்டறியப்படவில்லை. வெளிச்சமான இடத்தில் மீண்டும் முயலவும்.' ஜன்னல் பக்கம் கட்டிலை இழுத்தோம். மறுபடி புன்னகை. ஒருவழியாக இயந்திரம் திருப்தியடைந்து அடுத்த கட்டளையைத் தந்தது: 'திரையில் தெரியும் எண்ணைச் சத்தமாகப் படிக்கவும்.'

பேச்சு போனவரிடம். அவர் அந்த எண்ணைப் பார்த்தார். புரிந்தது. உதடு அசைந்தது. நேரம் முடிந்தது என்று திரை அணைந்தது. உயிரோடிருக்கும் ஆள்தானா என்று உறுதிசெய்துகொள்ளத்தான் இந்தப் பரிசோதனையாம். எழுபது வயது மனிதர் தான் உயிரோடிருப்பதை ஒரு கைபேசிக்கு நிரூபிக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார். இதை வடிவமைத்த மென்பொருள் பொறியாளரின் வீட்டில் வயதானவர்கள் யாருமே இல்லையா? அல்லது அவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்களா?

'எதற்கு இந்தத் தொல்லை? காரை மகள் பெயருக்கு மாற்றிவிட்டால் போகிறது' என்று நல்லவர்கள் சொல்வார்கள். மாற்றலாம். 29, 30-ஆம் எண் படிவங்களில் பெரியப்பா கையெழுத்துப் போட வேண்டும். வலது கை இல்லை. இடது கையில் போட்டால் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகாது. கைநாட்டு வைத்தால் "படிச்சவர்தானே, ஏன் ரேகை?" என்று கவுன்ட்டரில் கேள்வி. எழுத முடியாதவர் வைக்கும் குறியும் கையெழுத்துத்தான் என்று 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டமே சொல்கிறது. வெள்ளைக்காரனுக்கு 19-ஆம் நூற்றாண்டில் விளங்கிய விஷயம் இன்னும் கவுன்ட்டர் வரைக்கும் வந்துசேரவில்லை.

பெரியப்பா அதிர்ஷ்டசாலி, நினைவு இருக்கிறது. கோமாவில் கிடப்பவரின் குடும்பம் என்ன செய்யும்? அவருக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை மனைவிக்குத் தருகிற தனிச்சட்டம் நம்மிடம் இல்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் இதற்கென்று வழிமுறை வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்தது. நீதிபதிகள் வாழ்க. ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் பெண் ரிட் மனு போட்டால்தான் புருஷன் சொத்தில் கைவைத்து வைத்தியம் பார்க்கலாம் என்ற நிலையில் நாட்டை வைத்திருப்பவர்கள் யார் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

எப்படியோ பெயர் மாற்றியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அந்த 50 சதவீதக் கழிவு? அது வண்டியோடு வராது, ஆளோடு போகும். பெரியப்பாவின் நோ கிளெய்ம் போனஸ் பெரியப்பாவிடமே இருக்கும். அதற்கொரு கடிதம் கொடுப்பார்கள். 3 ஆண்டுக்குள் அவர் வேறு கார் வாங்கினால் அதைக் காட்டிக் கழிவு பெறலாம். எழுந்து உட்கார ஆள் தேவைப்படும் மனிதருக்கு, இன்னொரு கார் வாங்க 3 வருஷ அவகாசம்! மகளுக்கு அது வேண்டுமென்றால் வழி ஒன்றுதான். அப்பா செத்துப்போக வேண்டும். இறந்தால் வாரிசுக்கு மாறும், இருந்தால் மாறாது. 'கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன்' என்று எந்த ஏஜென்ட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விதி சொல்கிறது.

காரை யாருமே ஓட்டப்போவதில்லை, கொட்டகையில் கிடக்கட்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கும் ஒரு தகவல். 2002-இல் வந்த மோட்டார் டாரிஃப்பில் 11-ஆம் எண் எண்டார்ஸ்மென்ட் என்று ஒன்று உண்டு. தொடர்ந்து 2 மாதத்துக்குக் குறையாமல் வண்டி கொட்டகையில் சும்மா கிடந்தால், முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, அந்தக் காலத்துக்கான பிரீமியத்தில் சலுகை பெறலாம். இப்படி ஒன்று இருப்பதை விளம்பரத்தில் கேட்டிருக்கிறீர்களா? எலி கடித்தால் காப்பீடு, சாவி தொலைந்தால் காப்பீடு, டயர் வெடித்தால் காப்பீடு என்று ஒரு வரி விடாமல் கூவுகிற வாய், இந்த ஒரு வரியில் மட்டும் ஊமையாகிவிடுகிறது. ஓட்டுகிற தூரத்துக்கேற்பப் பணம் கட்டும் திட்டத்தை 2022 ஜூலையில் ஆணையம் அனுமதித்தது. அதுவும் ஓட்டுகிறவர்களுக்கான தள்ளுபடி.

வரி விஷயத்திலும் அரசின் கருணையைக் குறிப்பிட்டாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மோட்டார் காப்பீட்டுக்கு 18 சதவீதம் தொடர்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால் வரியில்லை. அந்தக் கட்டிலுக்குப் போக ஏறும் காருக்கு உண்டு.

இவ்வளவையும் செய்து முடிக்கிற குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியச் சாலைகளில் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் காப்பீடே இல்லாமல் ஓடுகின்றன என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே கவலைப்பட்டிருக்கிறது. அந்த வண்டிகளின் சொந்தக்காரர்களை யாரும் சிரிக்கச் சொல்வதில்லை, எண்ணைப் படிக்கச் சொல்வதில்லை. அவர்கள் பிடிபட்டால் முதல்முறை அபராதம் 2,000 ரூபாய். 3 மாதம் வரை சிறைத் தண்டனையும் சட்டத்தில் இருக்கிறது. மூன்றாம் மனிதருக்கு ஒரு தீங்கும் வந்துவிடக்கூடாது என்று தேதி தவறாமல் கட்ட வருகிற வீட்டைத்தான் இந்த இயந்திரம் வதைக்கிறது. வராதவன் ஹாரன் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறான்.

நான் கேட்பது கருணையில்லை. கருணையை ஆஸ்பத்திரி வராந்தாவில் வேண்டிய அளவு பார்த்தாயிற்று. அதை வைத்து ஒரு பில்லும் கட்ட முடியவில்லை. நான் கேட்பவை ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கையில் செய்து முடிக்கக்கூடியவை. லைசென்ஸ் எண்ணைக் கேட்டு உறுதிசெய்யாமல் ஓட்டுநர் விபத்துக் காப்பீட்டுக்குப் பணம் வாங்கக்கூடாது. மருத்துவச் சான்று காட்டினால் நோ கிளெய்ம் போனஸை உயிரோடிருக்கும்போதே மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைக்கோ மாற்றித்தர வேண்டும். படுக்கையில் இருப்பவரின் கே.ஒய்.சி.க்கு ஆள் நேரில் வர வேண்டும். பிரீமியம் பாக்கி என்றால் பத்து முறை போன் செய்யத் தெரிகிறதல்லவா, ஒருமுறை வீட்டுக்கு வந்தால் கால் தேயாது. நோயாளியான உரிமையாளர் தன் காரில் பயணியாகப் போகும்போது அவருக்கும் காப்பு உண்டு என்று முதல் பக்கத்தில் எழுத வேண்டும். இவற்றில் எதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. வெட்கம் இருந்தால் போதும்.

வாசகர்களுக்கு ஒன்று. வீட்டில் இனி வண்டி ஓட்ட முடியாத ஒருவர் பெயரில் கார் இருந்தால், அந்தப் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு என்ற வரியில் தொகை ஏறியிருந்து, அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால், அந்தப் பணத்தைத் திருப்பித்தரச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். வக்கீல் வேண்டாம், கட்டணம் ஒரு பைசா கிடையாது. தொகை சின்னதுதானே என்று விடாதீர்கள். சின்னத் தொகை என்று நாம் விடுவோம் என்ற நம்பிக்கையில்தான் அந்த வரி அங்கே அச்சாகியிருக்கிறது.